வெர்லினுக்கு ஜெபிக்கத் தெரியாது

வெர்லின் ஸ்டிடம் என் அக்கா டெல்ஃபியாவின் கணவன். எங்கள் மலைப்பக்கத்தில் அவனைப் பிடிக்காதவர்கள் யாரும் கிடையாது. அவனோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினேன் என்று சொல்லக்கூடியவர்களும் கிடையாது. பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்ப்பது அவன் வேலை. காலையில் போவான், மாலையில் வருவான், முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவான், சாப்பிடுவான், நாய்க்குப் போடுவான், படுப்பான். இதற்கு நடுவே அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் சேர்த்தால் ஒரு கரண்டிக்குக் காணாது.

லாரல் ஓடைக்கரையில் இருக்கிறது எங்கள் பாப்டிஸ்ட் சபை. அங்கே ஜெபம் போதகருடைய வேலை மட்டும் இல்லை. பாட்டு முடிந்ததும் அவர் கண்ணை ஓட்டிப் பார்த்து, “பிரதர் இன்னார், ஜெபத்துல நடத்துங்க” என்பார். அந்த ஆள் எழுந்து மனதில் உள்ளதைக் கொட்டவேண்டும். போதகரின் கண் தன் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தால் போதும், வெர்லின் குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்துவிடுவான். பிரதர் ஆர்பின் புதிதாகப் போதகராக வந்தபோது விவரம் தெரியாமல் அவன் பெயரைச் சொல்லிவிட்டார். வெர்லின் எழுந்தான். ஒரு முறை எல்லோரையும் பார்த்தான். “ஹீட்டர ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனவன் போனவன்தான். ஜூலை மாதத்தில் ஹீட்டர்! காகித விசிறியால் விசிறிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் அப்பா. அவர் சபையின் மூத்த டீக்கன், போதகருக்கு அடுத்த பொறுப்பாளர். சாப்பாட்டு மேசையில் அவர் ஜெபிக்கத் தொடங்கினால் கிண்ணத்தில் இருக்கும் கிரேவி ஆடை கட்டிவிடும். அக்காவின் கல்யாணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, புது மாப்பிள்ளையை ஜெபிக்கச் சொன்னார். வெர்லின் தலையைக் குனிந்துகொண்டு, “ஆண்டவரே, கோழி இருக்கு. நன்றி” என்றான். அப்பா கண்ணைத் திறந்து, “ஏம்ப்பா, இது ஜெபமா, கடையில சாமான் வாங்குறியா?” என்று கேட்டார். மேசையே குலுங்கியது. அன்றைக்கு மூடிய வாய்தான்.

அவனுக்கு ஏற்ற ஒரே ஒரு வழி எங்கள் சபையில் இருந்தது. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு மகன் வேலை தேடுகிறான். கடைசியில் போதகர், “சொல்லாத விண்ணப்பம் இருக்கா?” என்பார். வாய்விட்டுச் சொல்ல முடியாத கஷ்டம் உள்ளவர்கள் பேசாமல் கையை உயர்த்தலாம். என்ன ஏது என்று யாரும் கேட்கக்கூடாது, ஆனால் எல்லோரும் அவருக்காக ஜெபிக்க வேண்டும். வெர்லின் கடைசி பெஞ்சிலிருந்து கையைத் தூக்குவான். தோள் உயரம்தான், உள்ளங்கை முன்பக்கம், சட்டென்று இறக்கிவிடுவான். நாற்பது வருஷமாக அவன் செய்த ஜெபம் அவ்வளவே.

மற்ற எல்லா ஜெபத்தையும் அக்கா பார்த்துக்கொண்டாள். அப்பாவின் வாய் அப்படியே அவளுக்கு வந்திருந்தது, நீளம் மட்டும் வரவில்லை. இந்த ஓடைக்கரையில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் தொலைபேசி அவளுக்குத்தான் போகும். அவள் போனிலேயே ஜெபித்து முடித்துவிட்டு அடுத்த ஆளுக்குச் சொல்வாள், அவர் அதற்கடுத்த ஆளுக்குச் சொல்வார். வீட்டில் சாப்பாட்டு ஜெபமும் அவள்தான். வெர்லின் தலையைக் குனிந்துகொள்வான், அவள் பேசுவாள். அந்த வீடு அப்படியே ஓடிற்று.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, பிஸ்கட் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். வெர்லின் எனக்குப் போன் செய்தான். “ஸெல்லா, டெல்ஃபி விழுந்துட்டா, வா” என்றான். அவனே போன் செய்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, வலது கை துணிபோல் கிடக்கிறது, கண் மட்டும் எங்களை மாறி மாறிப் பார்க்கிறது. விரல்களில் மாவு ஒட்டியிருந்தது.

மலையை விட்டு இறங்கி லெக்சிங்டன் நகரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. பேச்சுதான் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். தலையாட்டுவாள். ஆனால் வாயைத் திறந்தால் ஒரு முனகல், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் ஜெபித்த வாய்! ஆண்டவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டு, கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது, அதைத் திறந்து சுத்தம் செய்யவேண்டும் என்றார். செய்யாவிட்டால் இதேமாதிரி இன்னொரு பக்கவாதம் வரும், அது ஆளை விட்டுவைக்காது. செய்யும்போதே அடைப்பு பிய்ந்து மூளைக்குப் போகவும் வாய்ப்பு உண்டு.

“அப்படிப் போனா?” என்று நான் கேட்டேன்.

“மேசையிலயே முடிஞ்சுடலாம்மா. மறைக்க விரும்பல” என்றார்.

வெர்லின் கையிலிருந்த தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை என்று முடிவாயிற்று. அக்காவிடமும் டாக்டரே எல்லாவற்றையும் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகுதான் கையைத் தூக்க ஆரம்பித்தாள். நன்றாயிருந்த இடது கையை. நர்ஸ் வந்தால் தூக்குவாள், நான் வந்தால் தூக்குவாள். தண்ணீர் வேண்டுமா என்றால் இல்லை. தலையணை? இல்லை. வலியா? இல்லை. கையை இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தூக்குவாள். நர்ஸ் அலுத்துக்கொள்ளாத நல்ல பெண். அவளுக்கே என்ன செய்வது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை சபைப் பெண்கள் வேனில் வந்தார்கள். இமோஜின்தான் தலைவி. அக்கா விழுந்ததிலிருந்து தொலைபேசி ஜெபச் சங்கிலியை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். இரண்டாவது பாட்டில் அக்கா கையைத் தூக்கினாள். இமோஜினுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“பாருங்கடி! வாய் போனாலும் கை துதிக்குது பாருங்க! எவ்வளவு சமாதானம் இந்த முகத்துல!”

எல்லோரும் அழுதுகொண்டே இன்னும் சத்தமாகப் பாடினார்கள். நானும்தான் பாடினேன். அக்கா மறுபடி தூக்கினாள், அவர்கள் மறுபடி பாடினார்கள். அன்று மாலைக்குள் செய்தி சங்கிலி முழுக்கப் போய்விட்டது. டெல்ஃபியா படுக்கையிலேயே ஆண்டவரைத் துதிக்கிறாள், அவளுக்குப் பயமே இல்லை, இனி அவளுக்காக அழுது கேட்கவேண்டாம், நன்றி சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை சபையே எழுந்து நின்று நன்றி சொல்லிற்று.

அந்தச் சனிக்கிழமை வேன் புறப்பட்டதும் வெர்லின் ஜன்னலோர நாற்காலியிலிருந்து எழுந்து வந்தான். அதுவரை அங்கே ஓர் ஆள் இருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம்.

“அது துதி இல்ல, ஸெல்லா.”

“பின்ன என்னவாம்?”

“துதின்னா டெல்ஃபி கைய தலைக்கு மேல நீட்டி ஆட்டுவா. இது தோள் வரைக்கும்தான் வருது. உள்ளங்கையப் பாரு. இது சொல்லாத விண்ணப்பம். நான் தூக்குற கை இது, எனக்குத் தெரியாதா?”

அவன் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். “டெல்ஃபி, பயமா இருக்கா?” என்றான்.

அக்காவின் முகம் அப்படியே உடைந்துவிட்டது. இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததெல்லாம் வந்தது. சத்தமில்லாமல், வாய் ஒரு பக்கம் கோண, குழந்தை மாதிரி அழுதாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாட்டுப் பாடி அவள் வாயை அடைத்திருக்கிறோம். எனக்கு இமோஜினைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கவேண்டும் போலிருந்தது.

அதை விட்டுவிட்டு அக்காவின் தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தேன். “கிருபையுள்ள எங்கள் பரம பிதாவே...” அவ்வளவுதான் சொல்லியிருப்பேன். அக்கா என் கையை எடுத்துத் தள்ளினாள். வெர்லினின் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெற்றிமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளதைச் சொல்வதென்றால் எனக்கு மூக்கறுபட்டமாதிரி ஆகிவிட்டது. ஆனால் வெர்லினைப் பார்த்ததும் அது பறந்துவிட்டது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. உதடு அசைகிறது, ஒன்றும் வரவில்லை. அக்கா காத்திருந்தாள். அவனும் கையை எடுக்காமல் இருந்தான்.

“டெல்ஃபி, பிரதர் ஆர்பினக் கூப்பிடட்டுமா?” என்றான் கடைசியில்.

அவள் கண்ணைத் திறக்காமலே தலையை இல்லை என்று ஆட்டினாள். அவன் கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்தான். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். வண்டி நிறுத்துமிடத்தில் தன் பிக்கப் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஊர்ல எத்தன பேருக்கு ஜெபிக்கத் தெரியும். எங்கிட்ட வந்து கேக்குறா பாரு” என்றான்.

“புருஷன்னு ஒருத்தன் இருக்கானே, அதான் கேக்குறா. வாயில என்ன பூட்டா தொங்குது? நாலு வார்த்த சொல்லேன்!”

“நான் தப்பாச் சொல்லி, அதனால அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?”

இப்படி ஒரு பயம் அவனுக்குள் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அதே பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

அன்றே திரும்பும் வழியில், தானே பிரதர் ஆர்பின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். ஆர்பின் வாரநாட்களில் எரிவாயு சிலிண்டர் வண்டி ஓட்டுகிறவர். நல்ல மனிதர், ஆனால் எதைச் சொன்னாலும் வரிசைப்படுத்தித்தான் சொல்வார். வெர்லின் ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னதும் அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“ரொம்ப சுலபம், பிரதர். நாலே படி. மொதல்ல ஆண்டவரத் துதிக்கணும். ரெண்டாவது நம்ம பாவத்த ஒத்துக்கணும். மூணாவது நன்றி. இந்த மூணும் ஆனப்பறம்தான் நாலாவதா நமக்கு வேணுங்கறதக் கேக்கணும். போனதும் போகாததுமா கைய நீட்டக்கூடாது பாருங்க.”

“பஸ்ஸக் கெளப்பறதுக்கு முன்னாடி டயர், எண்ணெய், பிரேக்குன்னு வரிசையாப் பாப்போமே, அந்த மாதிரி?”

“அதேதான்!”

வெர்லினுக்கு அது பிடித்துவிட்டது. வரிசை இருந்தால் அவனுக்குத் தைரியம். மறுநாளிலிருந்து லெக்சிங்டன் போகும் வழியெல்லாம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை நடந்தது. எங்கேயோ கேட்ட பெரிய வார்த்தைகளையெல்லாம் பொறுக்கி வைத்திருந்தான். “சர்வ வல்லமையும் மகா மகிமையும் பொருந்திய தேவரீர்...” என்று ஆரம்பிப்பான், முன்னால் நிலக்கரி லாரி ஒன்று குறுக்கே வரும், ஒரு கெட்ட வார்த்தை போடுவான், மறுபடி “தேவரீர்” என்பான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் மதியம் அக்காவின் கட்டிலருகே நின்று சொல்லியும் பார்த்தான். தேவரீர், மகிமை, சிங்காசனம் எல்லாம் வந்தன. அச்சு அசலாக எங்கள் அப்பா. அக்கா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். “எங்கப்பா செத்து இருபது வருஷம் ஆச்சு. அவர எதுக்கு எழுப்பிக் கூட்டிட்டு வர்ற? அவளுக்கு நீ வேணும், வெர்லின். உன் வாயால சொல்லு.”

“என் வாய்ல என்ன இருக்கு?” என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான்.

மறுநாள் காலை அவளை அறுவை அறைக்கு வெளியே ஒரு திரைக்குள் வைத்திருந்தார்கள். தலையில் காகிதக் குல்லா. கழுத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸும் கட்டிலைத் தள்ளுகிற பெரிய உடம்புக்காரர் ஒருவரும் வந்துவிட்டார்கள். அக்கா வெர்லினைப் பார்த்தாள். அவ்வளவு பயந்த கண்களை நான் மனிதர்களிடத்தில் பார்த்ததில்லை. அவன் தொப்பியைக் கழற்றினான்.

“ஆண்டவரே, நான் வெர்லின். டெல்ஃபியோட புருஷன்” என்றான்.

கட்டில் தள்ளுகிறவர் உடனே தலையைக் குனிந்துகொண்டார். நர்ஸும் கையிலிருந்ததை வைத்துவிட்டாள். எங்கள் ஊர்ப்பக்கம் அப்படித்தான். ஒருத்தர் ஜெபிக்கத் தொடங்கிவிட்டால், தலைபோகிற அவசரம் இல்லாமல் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

“நீங்க பெரியவரு. அது எல்லாருக்கும் தெரியும். இது மொதப்படி.” நிறுத்தி மூச்சு வாங்கினான். “ரெண்டாவது, நான் செஞ்ச தப்பு. ஏப்ரல் மாசம் இவ கை மரத்துப்போவுதுன்னு சொன்னா. டாக்டர்கிட்டப் போலாமான்னு கேட்டா. கொடியெல்லாம் இழுத்து இழுத்துத் தோட்ட வேல செஞ்சா கை மரக்காம என்ன செய்யும்னேன். ரெண்டாந் தடவையும் சொன்னா. அப்பவும் நான் டிவி பாத்துட்டு இருந்தேன். மூணாந் தடவ அவ சொல்லல. ஆண்டவரே, இது நான் செஞ்சது. இவ மேல போடாதீங்க.”

எனக்கு இது தெரியாது. அக்காவைப் பார்த்தேன். அவள் இடது கை அவன் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

“மூணாவது, நன்றி. இவள எனக்குக் குடுத்ததுக்கு நன்றி. எங்கம்மா சாவறப்ப இவதான் குளிப்பாட்டி விட்டா, அதுக்கு நன்றி. இவ போடற பிஸ்கட்டுக்கு நன்றி. நான் பேசாம இருந்தப்பல்லாம் இவ பேசினதுக்கு நன்றி. சில நேரம் ஜாஸ்தியாவே பேசுவா, பரவால்ல, அதுக்கும் நன்றி...”

போய்க்கொண்டே இருந்தது. வெள்ளம் வந்த வருஷம் அவள் மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியதற்கு நன்றி. தக்காளிக்கு நன்றி. ஒரு கண் இல்லாத நாய்க்கு நன்றி. நர்ஸ் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து யாரோ திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் அங்கேயே நின்றுவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெபம் முடிந்தால் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் முடிக்கமாட்டேன் என்கிறான். சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. “நம்ம பிக்கப்புக்குப் புதுசாப் போட்ட பேட்டரிக்கு நன்றி” என்கிறான்.

“ஆமென்.”

தெளிவாக, நிதானமாக வந்தது. சொன்னது அக்கா. விழுந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. பழக்கதோஷத்தில் நாங்கள் எல்லோரும் கூடவே “ஆமென்” என்றோம். அவள் வெர்லினின் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். கண்ணில் பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் படுத்திருந்த விதம் மாறியிருந்தது. கட்டில் நகர்ந்தது. கதவு மூடியது.

காத்திருக்கும் அறையில் நான் அழுவதும் சிரிப்பதுமாக இருந்தேன். “பேசிட்டா வெர்லின்! கேட்டியா, பேசிட்டா!” அவன் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். திடீரென்று முகம் சாம்பலாகப் போயிற்று.

“ஸெல்லா, நான் கேக்கல.”

“என்னத்தக் கேக்கல?”

“நாலாவது. நன்றியிலயே நின்னுட்டேன். இவளப் பொழைக்க வைங்கன்னு நான் கேக்கவே இல்ல. அதுக்குள்ள ஆமென் சொல்லிட்டா.”

சபையில் எல்லோரும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இவனும் நன்றியோடு நின்றுவிட்டான். உள்ளே அவள் கழுத்தைத் திறந்திருப்பார்கள்.

“நான் கேட்டேன்டா மடையா! வழியெல்லாம் கேட்டுக்கிட்டேதான் வந்தேன்” என்று கத்தினேன். அறையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீ கேட்டது நீ கேட்டது. அவ என்னையில்ல கேக்கச் சொன்னா?”

“அப்ப இப்பக் கேளு! கதவு மூடினா ஆண்டவருக்குக் காது கேக்காதா?”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பம் பையிலிருந்து சாண்ட்விச் எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஜனம். நாற்பது வருஷம் ஷூ நாடா கட்டிய மனிதன், தரையில் முழங்காலிட்டு, நாற்காலியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சத்தமாகவே சொன்னான்.

“ஆண்டவரே, மறுபடியும் வெர்லின். கேக்க மறந்துட்டேன். இவளத் திருப்பிக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். பேச்சோட குடுத்தா நல்லது. பேச்சில்லாமக் குடுத்தாலும் சரி. பேச்ச இனிமே நான் பாத்துக்கறேன். எனக்குத் தெரியாது, ஆனாலும் பாத்துக்கறேன். இவ மட்டும் வேணும்.”

யாரோ டிவியை அணைத்தார்கள். சாண்ட்விச் தின்றவர் தொப்பியைக் கழற்றினார். வெர்லின் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னான். இவ வேணும், இவ வேணும். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் நிமிர்ந்தபோது வாசலில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். முகமூடி கழுத்தில் தொங்குகிறது. தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, இவன் முடிக்கக் காத்திருக்கிறார்! முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இவனோ முடிப்பதாயில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். முடியவில்லை. வாழ்நாளில் நான் யாருடைய ஜெபத்தையும் வெட்டியதில்லை.

“ஆமென்!” என்று கத்தினேன். “ஆமென், ஆமென்! எந்திரி வெர்லின்! டாக்டர், சொல்லுங்க, என்ன ஆச்சு?”

“நல்லபடியா முடிஞ்சுதும்மா. முழிச்சிட்டாங்க. கை கால் அசைக்கிறாங்க” என்றார்.

வெர்லினுக்கு எழுந்திருக்க முடியவில்லை. டாக்டரும் சாண்ட்விச்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகும் பேச்சு திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வாராவாரம் வந்தாள், படங்களைக் காட்டினாள், வாயை அசைக்கச் சொன்னாள். அக்காவுக்கு ஆமென் மட்டும்தான் வருகிறது. வேறு ஒன்றும் வரவில்லை. வெர்லின் பேசுகிறான். மேசையில் ஜெபிக்கிறான், இமோஜினுக்குப் போனில் பதில் சொல்கிறான், மளிகைக் கடையில் அக்காவுக்கு என்ன மாவு வேண்டும் என்று வாதாடுகிறான். வீட்டுக்கு வந்து தொண்டை வலிக்கிறது என்கிறான். புதன்கிழமை ஆர்பின் கூப்பிட்டால் எழுந்து, முதலில் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறான். துதியெல்லாம் அப்புறம்தான். ஆர்பினுக்கு முகம் சுருங்கும், ஆனால் ஒன்றும் சொல்வதில்லை.

எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது வாய்விட்டே கேட்டுவிட்டேன். “ஏன் வெர்லின், பேச்சில்லாமக் குடுத்தாலும் சரின்னு நீயா எதுக்குச் சொன்னே? அந்த ஒரு வரிய விட்டுட்டுக் கேட்டிருந்தா முழுசாக் கெடைச்சிருக்குமோ என்னமோ.”

“எனக்கும் அது ராப்பகலா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பயத்துல சொல்லிட்டேன், ஸெல்லா. ஜாஸ்தியாக் கேட்டா ரெண்டும் இல்லன்னு சொல்லிடுவாரோன்னு பயம்” என்றான். பிறகு அக்காவைப் பார்த்து, “டெல்ஃபி, நான் தப்பாவா கேட்டுட்டேன்?” என்றான்.

அக்கா அவனைப் பார்த்தாள். அவள் வாயில் இருப்பது ஒரே வார்த்தை, அது இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு, நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.